‘தனிய’ என்ற சொல்லுக்கு ஒரு திருத்தம்

தம்பிக்கு,

நீ அனுப்பிய தடித்த கவர் போன கிழமை வந்து சேர்ந்தது. வழியில் எங்கோ பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். அது இங்கே புதினமில்லை. அமெரிக்க இலக்கியத்தின் ரொமான்டிக் காலத்தைப் பற்றி நீ எழுதிய முப்பது பக்கத்தையும் யாரோ ஒரு பொலிஸ்காரர் குந்தியிருந்து வாசித்திருந்தால், என்னைத் தவிர உனக்கு இந்த ஊரில் அவர் ஒருவர்தான் வாசகர். “என் முதல் ரீச்சர் நீங்கள்தான், அம்மா. சிவப்புப் பேனையால் திருத்தி அனுப்புங்கள்” என்று மேலே ஒரு துண்டு வைத்திருந்தாய். உன் புத்தகத்தின் முதல் அத்தியாயம் இதுதான் என்றும், அச்சுக்குப் போகுமுன் உன் பல்கலைக்கழகத்தில் பெரிய கூட்டத்துக்கு முன்னால் இதை வாசிக்கப் போகிறாய் என்றும் எழுதியிருந்தாய். சரி, திருத்துகிறேன். நீ கேட்டபடியால்தான் திருத்துகிறேன். கேட்டிருக்காவிட்டால் இவ்வளவு வருஷமும் வாயை மூடிக்கொண்டிருந்த மாதிரி இனியும் இருந்திருப்பேன். எனக்கு அது பழகிவிட்டது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உன் இங்கிலிஷ் நன்றாக இருக்கிறது. அந்தக் காலத்து இலக்கியத்தின் குணங்களை நீ வரிசைப்படுத்திய விதத்தில் நான் டியூஷன் வகுப்பு நடத்திய நம் முன்ஹோலின் வாசம் அடிக்கிறது. காலி வீதி பஸ் ஒவ்வொன்றும் ஹோர்ன் அடிக்கும்போது நான் வாயை மூடிக்கொண்டு நின்று, சத்தம் ஓய்ந்தபிறகு தொடர்ந்து சொல்லித் தந்த பாடம் அது. ‘ரொமான்டிக்’ என்று பலகையில் எழுதியதும் பின்வாங்குப் பெடியள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரிப்பார்கள், நினைவிருக்கிறதா? இது படத்தில் மரத்தைச் சுற்றி ஓடுகிற காதல் இல்லை என்று சொல்லி ஆரம்பிப்பேன். அது புதிய நாடு, அவர்களுக்கு இங்கிலாந்தைப் போலப் பழைய அரண்மனையும் கோட்டையும் கிடையாது, பாடுவதற்கு இருந்தது காடும் ஆறும் எல்லை தெரியாத நிலமும்தான், அதனால் அதைப் பிடித்துக்கொண்டார்கள் என்பேன். கணக்குப் பார்க்கிற புத்தியை விட மனசு சொல்வது பெரிது, ஊர் போட்ட சட்டத்தை விட ஒருவனுடைய மனச்சாட்சி பெரிது, கூட்டத்தை விட்டுத் தனியாகப் போகிறவன்தான் உண்மையைக் காண்பான், இயற்கைதான் கோயில், கற்பனைதான் கண். இதையெல்லாம் நான் ஆசையாகத்தான் சொல்லித் தந்தேன். எந்த நேரம் எந்த ஒழுங்கையைச் சுற்றி வளைப்பார்கள் என்று தெரியாத ஊரில், அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் இல்லாமல் ஒருவன் காட்டுக்குள் நடந்துபோய் மரத்தடியில் படுத்துக்கொள்கிறான் என்றால் பிள்ளைகளுக்குக் கேட்கவே குளிர்ச்சியாக இருக்கும். அங்கே செக்பொயின்ற் இல்லையா என்று ஒருத்தி கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. முன்வாங்கில் இருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஆனால் இந்த இலக்கியத்துக்கெல்லாம் முன்னால் நான் உனக்கு ஒரு வசனம் சொல்லித் தந்தேன். அது உன் அத்தியாயத்தில் எங்குமே இல்லை. ‘அப்பி தென்னம எக கெதர.’ நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீடு. சிங்களம் தெரிந்த ஒருவர், தெரியாத ஒருவரோடு வெளியே போனால், ஆமிக்காரன் கேட்கமுதல் இதைச் சொல்லிவிட வேண்டும். கொழும்பில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு இது வீட்டுக்கு வீடு சொல்லிக் கொடுத்த பாடம். பக்கத்தில் நிற்கிறவர் யாழ்ப்பாணத்தில் இருந்து நேற்று வந்த சொந்தக்காரராக இருக்கலாம், விசாவுக்குக் காத்திருக்கிற அறைக்காரராக இருக்கலாம். அவருடைய வாய் நீதான். நீ வாயைத் திறக்காவிட்டால் அவர் ஊமை. அந்த வசனத்தைப் பிழையில்லாமல் சொல்லும்வரை உன்னை நான் விளையாட விடவில்லை, அதற்காக நீ என்னோடு கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்ததும் உண்டு.

குகனை உனக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை என்றுதான் நினைத்தேன். உன் கட்டுரையை வாசித்தபிறகு தேவை போலத் தெரிகிறது. பின்பக்கத்து அறையில் இருந்தவர். வடமராட்சிப் பெடியன், உன்னை விட ஏழெட்டு வயது கூட. ஊரில் படம் கீறுகிற வேலை, வீட்டுக்குப் பிளான் போடுவார். கனடாவில் மாமா ஒருவர் கூப்பிடுவார் என்று காத்திருந்தார். சிங்களத்தில் ‘போதும்’ என்ற சொல் ஒன்றுதான் தெரியும், அதுவும் பாண் கடைக்காரன் பழக்கியது. கொட்டாஞ்சேனையில் கட்டிக்கொடுத்திருந்த அவருடைய அக்கா மனோதான் அவரைக் கொண்டுவந்து விட்டவள். அவளுடைய வீட்டுக்காரருக்கு துறைமுகத்தில் வேலை, இரண்டு அறை வீட்டில் மாமியாரோடு இருந்தார்கள், அங்கே இடமில்லை. வாசலில் நின்று அவள் சொன்னது ஒன்றுதான்: “ரீச்சர், அவனைத் தனிய மட்டும் விட்டிடாதேங்கோ.” விடமாட்டேன் என்று சொன்னேன். உன்னை நம்பித்தான் சொன்னேன். நான் பகல் முழுக்கப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறவள், உனக்குத்தான் பின்னேரங்கள் இருந்தன. அவருக்கும் உன்னைப் பிடித்திருந்தது. உன் புத்தகங்களுக்கு எவ்வளவு வடிவாக உறை போட்டுத் தருவார். நீ சாப்பாட்டு மேசையில் காட்டையும் ஆற்றையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால், தோட்டத்துக்குத் தண்ணி இறைச்சால் தெரியும் இயற்கையின்ர அருமை என்று சொல்லிச் சிரிப்பார்.

இனி அந்தப் பின்னேரத்துக்கு வருகிறேன். உன் கட்டுரையும் அங்கேதான் தொடங்குகிறது. நீ ரயில் பாதையைக் கடந்து கல்லில் போய் இருக்கிறாய். கடல் இருக்கிறது, இறங்குகிற சூரியன் இருக்கிறது, கல்கிசைப் பக்கம் போகிற ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறவர்கள்கூட இருக்கிறார்கள். பிறகு துவக்கோடு ஒருவன் வந்து “தனியமத?” என்று கேட்கிறான். தனியாகவா வந்தாய் என்று. சிங்களத்திலும் தமிழிலும் அந்தச் சொல் கிட்டத்தட்ட ஒன்று என்பதைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய், அது கெட்டித்தனம்தான், மறுக்கவில்லை. பிறகு நீ “ஓவ், தனியம”, ஓம், தனியத்தான் என்று சொல்கிறாய். அந்தச் சொல்லைச் சொன்ன கணத்தில்தான் நான் நானானேன், கூட்டத்தின் பெயரால் என்னைப் பிடிக்க வந்த ஒரு அரசுக்கு முன்னால் ஒரு தனி மனிதனாக நின்றேன், அம்மாவின் வகுப்பில் படித்த அத்தனையும் அந்த ஒரு சொல்லில் உயிர்பெற்றது என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் அங்குள்ளவர்கள் கைதட்டுவார்கள் என்று நினைக்கிறேன்.

தம்பி, குகன் தண்ணிக்குக் கிட்ட நின்றவர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு காலை நனைத்துக்கொண்டு நின்றவர். நீ தனியம என்று சொன்னதும் அவரைக் கூப்பிட்டார்கள். அவருக்கு என்ன கேட்கிறார்கள் என்று விளங்கவில்லை. உன்னைக் கையால் காட்டி, தம்பியோட வந்தனான், தம்பியோட வந்தனான் என்று தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தார். நீ கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தாய். இதை எனக்கு வேறு யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து குசினி நிலத்தில் இருந்து, என் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நீயே சொன்னாய். மூச்சு விட முடியாமல் அழுதாய். பயந்திட்டன் அம்மா, வாயில வேற ஒண்டும் வரேல்லை அம்மா என்றாய். அப்போது நீ மனச்சாட்சியைப் பற்றியும் தனி மனிதனைப் பற்றியும் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

உங்கள் இரண்டு பேரையும் கொண்டுபோன பொலிஸ் நிலையத்தில் நடந்ததையும் நீ ஒரு வரியில் தாண்டிவிட்டாய். விசாரணைக்குப் பிறகு விடுதலையானேன் என்று. விடுதலை தானாக ஆகவில்லை. முன்வீட்டு சோமா அக்கா உலையில் அரிசியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு என்னோடு வந்தா. எனக்காகச் சிங்களத்தில் கெஞ்சினது அவதான். என் சிங்களம் பயத்தில் குழறிப் போனது. வீட்டுப் பதிவுப் பத்திரத்தைக் காட்டினேன், அதில் உன் பெயரும் இருந்தது, குகனின் பெயரும் இருந்தது. மற்றவனும் எங்கள் வீட்டுப் பிள்ளைதான், இரண்டு பேரையும் விடுங்கள் என்றேன். பொறுப்பாக இருந்தவர் பத்திரத்தைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். ஒரே வீடென்றால் உங்கள் மகன் ஏன் தனியாக வந்தேன் என்கிறான், மறைக்க ஏதோ இருக்கிறபடியால்தானே என்று கேட்டார். கேட்டுவிட்டு உன் பக்கம் திரும்பி அந்த மனிசன் இன்னொரு தடவையும் கேட்டார். உனக்கு இரண்டாவது வாய்ப்பு. நீ தலையைக் குனிந்தாய். மகனைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் போங்கள், இல்லையென்றால் அவனும் இருக்கட்டும் என்றார். நான் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தேன். குகனை உள்ளே வைத்திருந்தார்கள், என் கண்ணால் அவரைக் காணக்கூட இல்லை. விடிந்ததும் போய்க் கேட்டால், அப்படி ஒருவரைக் கொண்டுவரவே இல்லை என்றார்கள்.

அன்றைக்கு உன்னை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தது சரியா பிழையா என்று என்னைக் கேட்காதே. திரும்ப அந்தப் பொலிஸ் வாங்கில் நீ இருந்தாலும் அதையேதான் செய்வேன். தாய் செய்வாள். ஆனால் அதற்கு நான் ஒரு பெயர் வைக்கமாட்டேன், முப்பது பக்கம் எழுதமாட்டேன். நீ பயந்ததையும் நான் ஒரு நாளும் குற்றம் சொன்னதில்லை. உனக்குப் பத்தொன்பது வயது, முன்னால் துவக்கு. உன்னை அமெரிக்காவுக்கு அனுப்பும் வரை அந்தப் பேச்சை எடுக்காமல் வைத்திருந்தேன், போனபிறகும் எடுக்கவில்லை. பயத்தை மன்னிக்கத் தெரியும் எனக்கு. பயத்துக்குக் கோட்டும் சூட்டும் போட்டு, தத்துவம் என்று பெயர் சூட்டி, மேடையில் ஏற்றி வைத்திருக்கிறாயே, அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வாசித்த நாளில் இருந்து எனக்கு வாய் கசக்கிறது, தேத்தண்ணி கூடக் குடிக்க முடியவில்லை.

நீ கேட்டது பாடத் திருத்தம், அதனால் பாடத்துக்கும் வருகிறேன். அந்தக் காலத்து இலக்கியத்தின் குணங்களில் ஒன்றை நானும் சொல்லித் தரவில்லை, நீயும் எழுதவில்லை. எனக்கும் அது வயது போனபிறகுதான் உறைத்தது. அவர்கள் யாருமில்லாத காடு என்று எழுதினார்களே, அந்தக் காட்டில் ஆட்கள் இருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தவர்களைத் துரத்தினார்கள், பிறகுதான் அது யாருமில்லாத காடானது. அதே நாட்டின் இன்னொரு பக்கத்தில் மனிதரை விலைக்கு வாங்கிப் பருத்தி பறிக்க விட்டிருந்தார்கள். அதைக் கண்டு கொதித்து எழுதியவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பல பேர் காட்டுக்குள் நடந்துபோய், ஆகா நான் மட்டும் இருக்கிறேன், வானமும் நானும்தான் என்று எழுதினார்கள். பக்கத்தில் நின்றவனை ஆளாகக் கணக்கில் எடுக்காவிட்டால் யாருக்கும் தனிமை சுலபமாகக் கிடைக்கும். அந்தக் குணம் உன் கட்டுரையில் அச்சொட்டாக இருக்கிறது. கடலை வைத்தாய், சூரியனை வைத்தாய், ரயிலில் தொங்கினவர்களை வைத்தாய், காலை நனைத்துக்கொண்டு நின்ற மனிசனை மட்டும் எடுத்துவிட்டாய். நீ எழுதியது நல்ல ரொமான்டிக் கட்டுரைதான், அதில் சந்தேகமில்லை.

இன்னொன்று. அவர்களுக்குள்ளேயே இருட்டுப் பக்கத்தை எழுதிய ஒரு கூட்டம் இருந்தது. மனிசனின் மனசு கோயிலும் இல்லை, குளமும் இல்லை, அதற்குள் பாவம் இருக்கிறது, மூடி வைத்தாலும் அது உள்ளே இருந்து ஆளை அரிக்கும் என்று எழுதியவர்கள். அந்தப் பாடம் நடத்தும்போது பெண்பிள்ளைகள் பேய்க்கதை என்று பயப்படுவார்கள். நீ அடிக்குறிப்பில், இடம் போதாமையால் அவர்களை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறாய். உன் கதை அந்தப் பக்கத்துக் கதை, தம்பி. நீ அதைக் கொண்டுபோய் வெளிச்சப் பக்கத்தில் வைத்திருக்கிறாய்.

இவ்வளவோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் நீ உன் சித்தப்பாவுக்குப் போனில் சொல்லி, அவர் ஒழுங்கை முழுக்கச் சொல்லி, செய்தி கொட்டாஞ்சேனைக்கும் போய்விட்டது. ரீச்சரின் மகன் அந்த நாளைப் பற்றி இங்கிலிஷில் புத்தகம் எழுதியிருக்கிறாராம் என்று. மனோ ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அந்தோனியாரிடம் போகிறவள் என்று உனக்குத் தெரியும். தொலைந்ததைத் தேடித் தருகிற அந்தோனியார் என்று சைவக்காரி இவ்வளவு வருஷமாக மெழுகுதிரி கொளுத்துகிறாள். இந்தச் செவ்வாய் அங்கிருந்து நேரே புறக்கோட்டைக்கு வந்து பஸ் மாறி என்னிடம் வந்தாள். நல்ல சீலை கட்டியிருந்தாள். கைப்பைக்குள் குகனின் படம் ஒன்று, பேப்பரில் சுற்றி வைத்திருந்தாள். புத்தகத்தில் போடக் கேட்பார்கள் என்று நினைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். அமெரிக்காவில் பெரிய ஆட்கள் வாசிப்பார்கள்தானே, வாசித்தால் யாராவது ஒருவர் இங்கே கேள்வி கேட்பார்கள்தானே ரீச்சர் என்றாள். வாசித்துத் தமிழில் சொல்லுங்கோ என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் இருந்தாள்.

நான் வாசித்துச் சொல்லத் தொடங்கினேன். நினைத்திருந்தால் குகனையும் கொண்டுவந்து அந்தக் கல்லில் உன் பக்கத்தில் இருத்தியிருக்கலாம், அவளுக்கு இங்கிலிஷ் தெரியாது, யார் கண்டது. ஆனால் இவ்வளவு காலமும் இருக்கிறதை இருக்கிறபடி சொல்லித் தந்தே பழகிய வாய் அது. ‘தனிய’ என்ற இடத்துக்கு வந்ததும் தனிய என்றே சொன்னேன். அவள் கையை நீட்டித் தாளைத் தொட்டாள்.

“தனியவோ? அப்ப எங்கட தம்பி எங்க நிண்டவன், ரீச்சர்?”

நான் தாள்களை அடுக்கினேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் முகம் மாறத் தொடங்கியது. கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. வெளிச்சம் வந்தது. “நீங்களும் அவனைக் கண்ணால காணேல்லைத்தானே. பொலிசும் அப்பிடி ஒராள் வரேல்லை எண்டுதானே சொன்னவங்கள். அப்ப அவன் கடற்கரைக்கே போகேல்லைப் போல. வேற எங்கயோ போயிட்டான் போல, என்ன ரீச்சர்?” என்றாள். உள்ளே இருந்தது வேறு யாரோ என்றாள். படகு ஏறியிருப்பான், எங்காவது ஒரு நாட்டில் பேரை மாற்றிக்கொண்டு இருக்கிறான், பயத்தில் எழுதாமல் இருக்கிறான் என்றாள். அன்றைக்கு எங்கே நின்றவன் என்று உன்னிடம் எழுதிக் கேட்கச் சொன்னாள். போகும்போது படத்தை உனக்கு அனுப்பச் சொல்லி என்னிடம் தந்து, நான் கொடுத்த தேத்தண்ணியை முழுக்கக் குடித்துவிட்டு, சிரித்துக்கொண்டு போனாள். அவள் சிரித்து நான் கண்டதே இல்லை.

அப்படி ஒருவர் வரவில்லை என்று பொலிஸ் சொன்னது. அப்படி ஒருவர் இல்லை என்று நீயும் எழுதியிருக்கிறாய். இரண்டும் ஒரே வசனம், உன்னுடையது கொஞ்சம் வடிவான வசனம். அவரோடு அங்கே நின்றவன் உலகத்தில் நீ ஒருவன்தான். நீ அவரை இல்லையென்று சொன்னால் அவர் அன்றைக்கு அங்கே இருக்கவே இல்லை. அந்தப் பொய் நம்பிக்கையோடு மனோ வரும் செவ்வாயும் வருவாள், அதற்கு அடுத்த செவ்வாயும் வருவாள், பதில் வந்ததா என்று கேட்பாள். நான் சொல்லிவிடலாம். சொல்லமாட்டேன். இந்தத் தடவை உனக்காக யாரும் வாய் திறக்க மாட்டார்கள், சோமா அக்காவும் இப்போது இல்லை.

உன் தாள்களைத் திருப்பி அனுப்புகிறேன். சிவப்புப் பேனையால் ‘தனியம’ என்ற ஒரே ஒரு இடத்தில்தான் வெட்டியிருக்கிறேன். மேலே திருத்தத்தை எழுதியும் விட்டேன், உனக்குத் தெரிந்த வசனம்தான், சின்ன வயதில் சாப்பிடாமல் இருந்து படித்தது. குகனின் படமும் உள்ளே இருக்கிறது. மடங்காமல் அட்டை வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பி அனுப்பு, அவளிடம் வேறு படம் இல்லை.

பதிலை எனக்கு எழுதாதே. கொட்டாஞ்சேனை விலாசம் படத்துக்குப் பின்பக்கத்தில் இருக்கிறது. அவர் எங்கே நின்றவர் என்று அவளுக்கு எழுது. தமிழில் எழுது, அவளுக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது.

அம்மா